ஏ.ஆர்.டி. மையத்தில் டொலுடெக்ராவிர் மாத்திரை: யாருக்கு உண்டு, எங்கே மடக்குவார்கள்

எச்.ஐ.வி. உறுதியான யாராக இருந்தாலும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து தருகிற மையத்தில், கூட்டு மருந்து இலவசம். வருமானச் சான்று வேண்டாம், ரேஷன் கார்டு என்ன வகை என்ற கேள்வியும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த டி.எல்.டி., தினம் ஒன்று. திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் மடக்கு ரிப்போர்ட்டில். தனியார் லேபில் எடுத்த ரிப்போர்ட்டோடு நேராகப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் மறுபடி ரத்தம் கொடுத்து, அந்த முடிவோடு போக வேண்டும். அதனால் அரை நாள் கூலியை இரண்டு முறை இழக்காமல் முதலிலேயே அங்கே போய்விடுங்கள்.

அடுத்தது, "உங்களுக்கு சிடி4 நல்லாத்தான இருக்குதுங்க, குறைஞ்சா வாங்க" என்கிற பதில். சிடி4 என்பது ரத்தத்தில் நோயை எதிர்க்கிற செல்களின் கணக்கு. அது குறைந்தால்தான் மருந்து என்பது செத்துப்போன விதி. ஒரு காலத்தில் 350, அப்புறம் 500 என்று வரம்பு வைத்திருந்தார்கள், 2017-ல் அதை எடுத்தாயிற்று. சிடி4 ஆயிரம் இருந்தாலும் மருந்து உண்டு. டிபி இருந்தால் முதலில் டிபி மருந்தைத் தொடங்கி, கொஞ்ச நாள் விட்டு இதை ஆரம்பிப்பார்கள், அது சரியான காரணம்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கு இன்னொன்று வரும். முகவரி தேனியில் இருக்கிறது, அங்கேயே போய் வாங்கிக்கோங்க என்பார்கள். நீங்கள் குடியிருக்கிற, வேலை செய்கிற ஊரிலேயே பதியலாம். ஏற்கெனவே ஓரிடத்தில் பதிந்திருந்தால் மாற்றல் சீட்டு வாங்கி வாருங்கள். அதற்கு அலையச் சோம்பி, மையத்தில் கொடுத்த பழைய பச்சைப் புத்தகத்தை (சிகிச்சைக் குறிப்பேடு) மறைத்துப் புது ஆளாகப் பதிகிறவர்கள் உண்டு. எந்த மருந்து முன்பு பலிக்காமல் போனது என்பது டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும், உங்கள் உடம்புதான் அதற்குப் பலி.

நாமக்கல் லாரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது: லைனுக்குப் போனால் திரும்பி வர ஒரு மாதம் தாண்டிவிடும், ஒரு டப்பாவில் இருப்பதோ முப்பது மாத்திரை. வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) அடங்கி, ஒழுங்காக மருந்து எடுக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்க வழி இருக்கிறது. கேட்டால்தான் கொடுப்பார்கள். பச்சைப் புத்தகம் வண்டியிலேயே இருக்கட்டும், வழியில் தீர்ந்துபோனால் வேறு மாநில ஏ.ஆர்.டி. மையத்திலும் அதைக் காட்டி வாங்கலாம். டப்பா குலுங்கிச் சத்தம் போடுகிறது என்று மாத்திரையை பிளாஸ்டிக் கவரில் கொட்டி கேபினுக்குள் வைக்காதீர்கள், ஈரமும் சூடும் ஆகாது. 

இனி யாரும் நின்று நிதானமாகச் சொல்லாத விஷயம். எச்.ஐ.வி. கிருமி தன் மரபுப் பொருளை நம் உயிரணுவின் டி.என்.ஏ.க்குள் கொண்டுபோய்த் தைத்துவிடும். தைக்கிற வேலையைச் செய்வது இன்டக்ரேஸ் என்கிற நொதி, அதன் நடுவில் மெக்னீசியம் அயனிகள் இருக்கின்றன. டொலுடெக்ராவிர் அந்த அயனிகளைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்குகிறது. உலோகத்தைப் பிடிக்கிற அந்தக் குணமே வயிற்றில் நமக்கு எதிராகத் திரும்பும். ஜெலுசில், டைஜீன் போன்ற ஆன்டாசிடுகளில் (வயிற்று அமிலத்துக்கான மருந்து) மெக்னீசியமும் அலுமினியமும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை பற்றிச் சொல்லவே வேண்டாம். கூடவே விழுங்கினால் மருந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சரியாகச் சேராது. இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால் எடுங்கள், இல்லையென்றால் 6 மணி நேரம் கழித்து. இரும்பும் கால்சியமும் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பரவாயில்லை, ஆன்டாசிடுக்கு அந்தச் சலுகை கிடையாது. கர்ப்பிணிகளுக்கு செவிலியரம்மா கொடுக்கிற இரும்பு மாத்திரைப் பட்டை ஒரு பக்கம், இந்த டப்பா ஒரு பக்கம் என்று இருக்கும், இரண்டையும் கொடுத்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. நீங்கள்தான் பேசியாக வேண்டும்.

டிபி மருந்து கொடுக்கிற ஜன்னலும் ஏ.ஆர்.டி. மையமும் அப்படித்தான். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் டொலுடெக்ராவிரின் அளவு ரத்தத்தில் குறையும், அதனால் 50 மி.கி. தனி மாத்திரை ஒன்றை 12 மணி நேரம் விட்டுக் கூடுதலாக எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது மாத்திரை தரப்படவில்லை என்றால் மையத்தை விட்டு நகராதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவர்கள் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஒரு நாளைக்கு 1000 மி.கி. தாண்டக் கூடாது. தூக்கம் வரவில்லை என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள், ராத்திரியில் எடுப்பதைக் காலைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

வைரல் லோடு பரிசோதனையும் இலவசம்: 6-வது மாதம், 12-வது மாதம், அப்புறம் வருடம் ஒரு தடவை. "மிஷின் ஓடலைங்க, கிட் வரலைங்க" என்றால் அடுத்த தேதியைப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்ன தேதி தேதியே இல்லை. மருந்துத் தட்டுப்பாடும் வந்திருக்கிறது. 2022-ல் டெல்லி நாகோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) அலுவலகத்தின் முன்னால் நோயாளிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பத்து நாளைக்குத்தான் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் கையோடு திரும்பாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் டெஸ்ட் எடுத்து, முடிவைப் பார்த்ததும் "இங்க வசதி இல்லீங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று கை கழுவும் தனியார் மருத்துவமனைகள் இந்தப் பக்கம் நிறைய. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுப்பதும், எச்.ஐ.வி. என்பதற்காக மருத்துவத்தை மறுப்பதும், வேலைக்குச் சேர்க்க டெஸ்ட் கேட்பதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தப்பு. 2018 செப்டம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள். அப்படியும் அசையவில்லை என்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அடிக்கலாம், காசு கிடையாது.

கடைசியாக, பதியும்போது கொடுக்கிற போன் நம்பர். தேதி தவறினால் மையத்திலிருந்து கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் களப்பணியாளர் வீட்டுக்கே வரக்கூடும். பக்கத்து வீட்டு நம்பரோ கம்பெனி சூப்பர்வைசர் நம்பரோ கொடுக்காதீர்கள். யாரைக் கூப்பிடலாம், வீட்டுக்கு வரலாமா கூடாதா என்பதை முதல் நாளே கவுன்சிலரிடம் சொல்லிப் பதிய வையுங்கள்.