மூளை வாசலில் நெரிசல்

பாலோ முட்டையோ பருப்போ, பெரும்பாலான புரதங்களின் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று) இருக்கும். பெரும்பாலோருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. உடம்பு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி டைரோசினாக மாற்றிவிடும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற கோளாறோடு பிறந்தவர்களுக்கு அந்த நொதி சரியாக வேலை செய்யாது. ஃபினைல்அலனின் இரத்தத்தில் தேங்கும். கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியே கெடும்.

மூளைக்கு ஏன் இந்தக் கதி? டைரோசின், டிரிப்டோபன், லியூசின் போன்ற பெரிய அமினோ அமிலங்கள் மூளைக்குள் நுழைய ஃபினைல்அலனின் நுழையும் அதே வாசலைத்தான் நம்பியிருக்கின்றன. அது கூட்டமாக வந்து அடைத்துக்கொண்டால் மற்றவை வெளியே நிற்க வேண்டியதுதான். டைரோசின் இல்லாமல் டோபமைன் இல்லை. டிரிப்டோபன் இல்லாமல் செரடோனின் இல்லை. இரண்டுமே மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள்.

சரி, ஃபினைல்அலனினை அடியோடு நிறுத்திவிட்டால்? 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவரும் உடன் பணிபுரிந்தவர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்து பார்த்தார்கள். பால் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து, கரியில் வடித்து, ஃபினைல்அலனினை நீக்கினார்கள். கரி டைரோசினையும் டிரிப்டோபனையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றைத் தனியாகக் கலந்து இந்தக் கோளாறு இருந்த ஒரு சிறுமிக்குக் கொடுத்தார்கள். இரத்தத்தில் அளவு இறங்கியது. ஆனால் குழந்தையின் எடையும் இறங்கியது! கொஞ்சம் பால் சேர்த்த பிறகுதான் எடை ஏறியது.

காரணம் எளிது. ஃபினைல்அலனினை உடம்பால் தயாரிக்க முடியாது. அது இல்லாமல் புதுப் புரதம் கட்டவும் முடியாது. வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுக்கும். தசையிலும் அதே 5 சதவீதம்தான் என்பதால், மிகக் கறாரான பத்தியமே இரத்தத்தில் அளவைத் திரும்ப ஏற்றிவிடக்கூடும். காய்ச்சலின்போதும் பட்டினி கிடந்தாலும் அளவு எகிறுவதும் இப்படித்தான்.

ஆகவே இன்றைய பத்தியம் ஒரு தராசு வேலை. வளர்ச்சிக்குத் தேவையான ஃபினைல்அலனினை மட்டும் அளந்து உணவிலிருந்து கொடுக்கிறார்கள். மீதிப் புரதத்தேவைக்கு, அது இல்லாத, டைரோசின் கூட்டிய அமினோ அமிலக் கலவை. வாடையும் ருசியும் சகிக்காது என்பது வேறு விஷயம். தனி அமினோ அமிலங்கள் சீக்கிரமே உறிஞ்சப்பட்டுவிடும். மொத்தமாகக் குடித்தால் ஒரு பகுதி தசைக்குச் சேராமல் எரிந்து வீணாகும். அதனால்தான் அந்தக் கலவையை நாள் முழுக்கப் பிரித்து, சாப்பாட்டோடு குடிக்கச் சொல்கிறார்கள்.