ஜிஎஸ்டி பதிவு ரத்து: நோட்டீஸ் வந்ததே தெரியாமல் சிக்கிக்கொள்ளும் சிறுதொழில்கள்

திருப்பூரில் பத்துத் தையல் இயந்திரங்களை வைத்து ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை) செய்துவந்த ஒருவர், ஒரு மஞ்சள் பை நிறைய பில்களோடு என்னிடம் வந்தார். ஆர்டர் இல்லாமல் எட்டு மாதம் யூனிட்டைப் பூட்டி வைத்திருந்தவர், வியாபாரமே நடக்காதபோது காட்டுவதற்குக் கணக்கு ஏது என்று எண்ணி ரிட்டர்ன் (வரிக் கணக்கு அறிக்கை) தாக்கல் செய்யாமல் இருந்துவிட்டார். மறுபடியும் வேலை எடுத்துப் பில் போட்டபோது, ஜிஎஸ்டி எண் ரத்தாகியிருக்கிறது என்று கூறி ஆர்டர் கொடுத்த கம்பெனி பணத்தை நிறுத்திவிட்டது. ரத்துக்கு முந்தைய நோட்டீஸ் ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலில் கிடந்தது. அதற்கான குறுஞ்செய்தியோ, பதிவு செய்தபோது படிவம் நிரப்பிக் கொடுத்தவரின் பழைய கைபேசி எண்ணுக்குப் போயிருந்தது.

மாதந்தோறும் தாக்கல் செய்பவர் தொடர்ந்து 6 மாதமும், காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் தொடர்ந்து 2 காலாண்டும் விட்டுவிட்டால் பதிவை ரத்து செய்யலாம் என்பதே விதி. விற்பனை இல்லாத மாதத்துக்கும், எதுவும் இல்லை என்று காட்டும் நில் ரிட்டர்ன் கட்டாயம். பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே அதை முடித்துவிடலாம். அந்தக் கைபேசி வேறொருவருடையதாக இருந்தால் இந்த வசதியும் கைக்கு எட்டாது.

முதல் பொறி, பதிவு எடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்று காதில் விழுவதைப் பலரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்த வரம்பு சரக்கு மட்டும் விற்பவர்களுக்கானது. ஜாப் ஒர்க் சேவை என்பதால் அதற்கு வரம்பு 20 லட்சம்தான். சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவர்களுக்குப் பொதுவாக இந்த 40 லட்சச் சலுகை கிடையாது. இதற்கு நேர்மாறாக, வரம்புக்குள் இருந்தும் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கக் கேட்டார்கள் என்பதற்காகப் பதிவு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். விரும்பி எடுத்தாலும் அந்தப் பதிவு உள்ளவரை ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதை அன்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

நோட்டீஸ் வந்தால் பதிலளிக்க 7 வேலை நாட்கள்தான் அவகாசம். அதற்குள் நிலுவை ரிட்டர்ன்கள் அனைத்தையும் வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்துவிட்டால் நடவடிக்கை கைவிடப்படும். ரத்து உத்தரவே வந்துவிட்டால் அதை விலக்கக் கோரி 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2023 அக்டோபருக்கு முன் இது 30 நாட்களாக இருந்தது. பழைய கணக்கையே இன்னமும் சொல்லி, காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்புபவர்களை நம்பிவிடாதீர்கள். 90 நாளும் கடந்துவிட்டால், தக்க காரணம் காட்டி மேலும் 180 நாட்கள் வரை நீட்டிப்புக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் போர்ட்டலில் ஏற்றுவதையும் சட்டம் நோட்டீஸ் சார்பு செய்யும் (உரியவரிடம் சேர்ப்பிக்கும்) முறைகளில் ஒன்றாக ஏற்பதால், நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடுங்கள் என்ற வாதம் அலுவலகத்தில் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

இன்னொரு மாற்றம் பலருக்கும் தெரியாமலே நடைமுறைக்கு வந்துவிட்டது. கெடு தேதியிலிருந்து 3 ஆண்டுகள் கடந்த ரிட்டர்னைப் போர்ட்டல் 2025 ஆகஸ்ட் முதல் ஏற்பதில்லை. நிலுவையைத் தீர்த்தால்தான் பதிவு திரும்பும் என்று ஒரு விதி சொல்ல, பழைய நிலுவையைத் தீர்க்கும் வழியை இன்னொரு விதி அடைத்துவிடுகிறது. ஆகவே பழைய பாக்கி வைத்திருப்பவர்கள் இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது அலைச்சல். ஒவ்வொரு பதிவும் மாநில வணிகவரித் துறை, மத்திய ஜிஎஸ்டி ஆகிய இரண்டில் ஒன்றின் பொறுப்பில் இருக்கும். இது தெரியாமல் போகிறவரை, இங்கே இல்லை, அங்கே போங்கள் என்று அனுப்புவார்கள். அங்கிருந்து மறுபடியும் இங்கே அனுப்புவார்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வருகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி என்பது மேசைக்கு அந்தப் பக்கம் தெரிவதே இல்லை. கிளம்புவதற்கு முன் போர்ட்டலின் முகப்பில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துத் தேடினால், லாகின் இல்லாமலேயே உங்கள் நிர்வாக அலுவலகம் எது என்பது தெரிந்துவிடும். கடவுச்சொல்லும் பதிவு செய்த கைபேசியும் வேறொருவரிடம் மாட்டிக்கொண்டிருந்தால், உரிய ஆவணங்களோடு அதே அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு மின்னஞ்சலையும் எண்ணையும் மாற்றிக்கொள்ளலாம். மனுவின் நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்காமல் வெளியே வரவேண்டாம்.

கெடுக்கள் எல்லாம் கடந்தவர்களுக்கும், நிலுவையைச் செலுத்தும் நிபந்தனையோடு பதிவைத் திரும்பக் கொடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. இருந்தாலும் அதற்கு ஆகும் வழக்குச் செலவு, பத்து இயந்திரம் வைத்திருப்பவர் தாங்கக்கூடியது அல்ல.

தொழிலையே விட்டுவிடுபவர்கள், அது தானாக ரத்தாகட்டும் என்று காத்திருக்காமல் தாங்களே ரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ரத்தான பிறகும் 3 மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் ஒன்று பாக்கி இருக்கிறது; அதை மறந்தவர்களுக்கு, கடையைப் பூட்டிய பிறகும் நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் 10,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் ஏறும்.