சிவப்பு ரிஃப்ளெக்டர் லாரிக்காரர் கண்ணில் படுவது எப்படி?

"மட்கார்டில்தான் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, சைக்கிளுக்குப் பின்விளக்கு எதற்கு?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

60 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். ஓட்டுநர் கவனித்துக் காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி, வண்டி நிற்க மேலும் இருபது மீட்டருக்கு மேல். ஆக, 50 மீட்டருக்கு அப்பாலேயே நாம் தெரிந்தாக வேண்டும். கறுப்புச் சட்டையை டிம் வெளிச்சம் அவ்வளவு தூரத்தில் காட்டாது. ரிஃப்ளெக்டர் காட்டும்.

அதன் முன்பக்கம் வழுவழுப்பு. பின்பக்கம் முழுக்க ஓரிரு மில்லிமீட்டர் அளவில் சின்னச் சின்ன மூலைகள், இரண்டு சுவரும் தரையும் சேரும் அறை மூலை போல. உள்ளே நுழையும் ஒளி மூன்று முகங்களிலும் ஒவ்வொரு முறை பட்டால் மேல்-கீழ், இட-வலம், முன்-பின் மூன்றும் தலைகீழாகி, வந்த வழியே திரும்பிவிடும். சந்திரயான்-3 விக்ரம் தரையிறங்கியின் மேலும் நாசா தந்த இதே வகை மூலைகள் எட்டு இருக்கின்றன. 2023 டிசம்பரில் நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ கலம் அதன்மேல் லேசர் அடித்து, திரும்பிய ஒளியைப் பிடித்தது.

வேடிக்கை இனிமேல்தான். மூலைகள் அப்பழுக்கில்லாமல் அமைந்தால் ஒளி ஹெட்லைட்டுக்கே போய்ச் சேரும். ஓட்டுநர் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது! கண் இருப்பது ஹெட்லைட்டுக்கு மேலே அல்லவா? சைக்கிளைக் காப்பது அந்த மூலைகளில் இருக்கும் சின்னக் கோணல்தான்: திரும்பும் ஒளி குறுகிய கூம்பாக விரிகிறது. 50 மீட்டரில் கார்க்காரர் கண் இருப்பது விளக்கிலிருந்து அரை டிகிரி சொச்சம் தள்ளி. உயரமான இருக்கையில் இருக்கும் லாரிக்காரருக்கு அது ஒன்றரை டிகிரிக்கு மேல், கூம்பின் மங்கலான ஓரம். வீட்டிலேயே பார்க்கலாம்: இருட்டில் பத்து மீட்டர் தள்ளி நின்று, மொபைல் டார்ச்சை நெற்றிப் பொட்டில் வைத்தால் ரிஃப்ளெக்டர் ஜொலிக்கும்; கையைப் பக்கவாட்டில் நீட்டினால் மங்கிவிடும்.

முகங்களில் வெள்ளிப் பூச்சு கிடையாது. முழு அகப் பிரதிபலிப்புதான் எல்லாம்: பிளாஸ்டிக்குக்குள் போகும் ஒளி போதுமான சாய்வில் முகத்தில் பட்டால், வெளியேறாமல் முழுதும் உள்ளேயே திரும்பிவிடும். நேராக வரும் ஒளி ஒவ்வொரு முகத்திலும், முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், சுமார் 55 டிகிரியில் படுகிறது. பின்னால் காற்று இருந்தால், ரிஃப்ளெக்டரின் அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு 42 டிகிரியைத் தாண்டினாலே போதும். ஓட்டில் விரிசல் விழுந்து மழைநீர் புகுந்தால் அந்த எல்லை 63 ஆகிவிடும், ஒளி பின்பக்கமாகக் கசிந்துபோகும். வெளியே பளபளப்பாகவே இருக்கும் ரிஃப்ளெக்டர் இரவில் செத்துக் கிடக்கும். உள்ளே ஈரம் தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, புதிதாக மாட்டுங்கள். சாய்ந்த மட்கார்டை நிமிர்த்துங்கள். கேரியர் பை மறைக்காமல் பாருங்கள். பெடல் ரிஃப்ளெக்டரைக் கழற்றவே வேண்டாம். மேலும் கீழும் ஆடும் இரண்டு புள்ளிகள் சைக்கிள் என்று உடனே சொல்லிவிடும். புது சைக்கிளுக்குத் திருஷ்டிக் கயிறு கட்டுபவர்கள் அதை இவற்றின்மேல் தொங்கவிடாமலாவது இருக்கலாம்.

இனி, கேள்விக்கு வருவோம். ரிஃப்ளெக்டருக்குச் சொந்த ஒளி இல்லை. ஹெட்லைட் போடாமல் வருபவருக்கும், குறுக்குச் சந்திலிருந்து திரும்புபவருக்கும் அது வெறும் பிளாஸ்டிக். அவர்களுக்காகத்தான் பின்விளக்கு.