அணையில்லாத அருவியிலிருந்து தங்கவயல் வரை

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து பாறைமேல் விழும் சிவசமுத்திரத்திலிருந்து புறப்பட்ட மின்சாரம், 1902ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், சுமார் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலின் இயந்திரங்களை ஓட்டத் தொடங்கியது. அங்கிருந்த நீர்மின் நிலையத்தைத் திட்டமிட்டுக் கட்டியவர் ஜோலி டி லோட்பினியர். கனடாவின் கியூபெக் மாகாணப் பிரதமராக இருந்தவரின் மகனான அவர், பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்து, மைசூர் அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். அவருடைய திட்டத்தை ஏற்று அதற்கு அரசின் பணத்தை ஒதுக்கத் துணிந்த திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நிலையம் ஓடுவதைப் பார்க்காமலே 1901இல் காலமானார்.

நீர்மின் நிலையம் என்றாலே அணைதான் நம் கண்முன் வருகிறது. சிவசமுத்திரத்தில் அப்போது நீரைத் தேக்கும் அணை எதுவும் இல்லை. அருவிக்கு மேலே ஆற்றின் ஒரு பகுதியைக் கால்வாயில் திருப்பி, மலைச்சரிவின் விளிம்பு வரை கொண்டுவந்து, அங்கிருந்து சுமார் 400 அடி கீழே இருந்த நிலையத்துக்கு இரும்புக் குழாய்களில் இறக்கினார்கள். டர்பைனைச் சுழற்றிய நீர் மறுபடியும் ஆற்றிலேயே போய்ச் சேர்ந்தது. ஒரு கன மீட்டர் நீர், அதாவது ஆயிரம் கிலோ, ஒவ்வொரு நொடியும் 120 மீட்டர் கீழே இறங்கினால் அதில் ஏறத்தாழ 1,180 கிலோவாட் திறன் இருக்கிறது. குழாயிலும் டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் இழந்தது போக முக்கால் பங்கு மின்சாரமாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். சுரங்கங்களுக்கு முதலில் தேவைப்பட்டது 4,000 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 3,000 கிலோவாட். எனவே கம்பியில் வீணாவதையும் சேர்த்தால்கூட நொடிக்கு நான்கைந்து கன மீட்டர் நீர் போதும். ஆடிப் பெருக்கில் காவிரி கொண்டுவரும் நீரோடு ஒப்பிட்டால் இது ஒரு வாய்க்கால் அளவுதான்.

ஆகவே ஜோலி எதிர்கொண்ட பெரிய கேள்வி நீரைப் பற்றியதன்று, தொலைவைப் பற்றியது. அருவி இருந்த இடத்தில் மின்சாரத்தை வாங்க ஆளில்லை. வாங்கக் காத்திருந்த தங்கவயலிலோ நிலக்கரியும் விறகும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே திறனை அனுப்ப மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும், இழப்போ நூறில் ஒன்றாகிவிடும். மாறுதிசை மின்னோட்டமாக இருந்தால் மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தை நிலையத்தில் ஏற்றிச் சுரங்கத்தில் இறக்கலாம். சிவசமுத்திரத்தில் அதை சுமார் 35,000 வோல்ட்டுக்கு ஏற்றினார்கள். 1896இல் நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் சென்ற தொலைவு 40 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது, அழுத்தம் 11,000 வோல்ட் என்பதை நினைத்தால், இந்தப் பாய்ச்சலின் அளவு புரியும். சிவசமுத்திரக் கம்பித்தடமே அன்று உலகில் மிக நீளமானது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல, கலிபோர்னியாவில் கோல்கேட் நிலையத்திலிருந்து ஓக்லண்டுக்குச் சென்ற தடம் 1901லேயே 220 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது. ஆனாலும் தொழிற்சாலை என்று சொல்லத்தக்க எதுவும் அருகில் இல்லாத ஓர் இடத்தில், டர்பைன் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஜெனரேட்டர் அமெரிக்காவிலிருந்தும் வரவேண்டியிருந்த நிலையில், கட்டி முடித்தது சிறிய காரியமன்று.

ஜோலியின் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் தேர்ந்த வாடிக்கையாளர். அணை இல்லாத நிலையத்தால் நீரைச் சேமிக்க முடியாது. இப்போது ஓடுகிற நீரை இப்போதே பயன்படுத்தியாக வேண்டும். விளக்குக்கு மட்டும் மின்சாரம் வாங்கும் ஊர் மாலையில் சில மணி நேரமே கேட்கும், மீதி நேரம் ஓடும் நீர் வீண். சுரங்கம் அப்படியல்ல. தாதுவை இடிக்கும் உலக்கைகளும், கீழே காற்றை அனுப்பும் அமுக்கிகளும் இரவு பகல் பாராமல் ஓடும். வட ஆற்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த அந்த வயலே, ஓயாமல் ஓடும் ஆற்றுக்கு ஏற்ற ஓயாத தேவையைக் கொண்டிருந்தது. பெங்களூரின் தெருவிளக்குகள் இந்த மின்சாரத்தில் எரிந்தது மூன்று ஆண்டு கழித்து, 1905இல்தான்.

ஆறு ஓயாமல் ஓடினாலும் ஒரே அளவில் ஓடுவதில்லை. தென்மேற்குப் பருவமழை தணிந்து, மாசி பங்குனியில் காவிரி மெலிந்துவிடும். சுரங்கங்கள் மேலும் மேலும் கேட்க, நிலையத்தில் இயந்திரங்கள் கூடக்கூட, அந்தக் கோடைக்கால நீர் போதாமல் ஆயிற்று. ஆற்றின் மேற்பகுதியில் கண்ணம்பாடியில் 1911இல் கிருஷ்ணராஜ சாகர் அணையைத் தொடங்கியதற்குப் பாசனத்தோடு இந்தத் தேவையும் ஒரு காரணம். டர்பைன் ஒரு சொட்டு நீரைக்கூடக் குடிப்பதில்லை. ஆனால் அதற்காக நீரைத் தேக்கி வைக்கும்போது, அந்த நீர் எந்த மாதத்தில் கீழே வரும் என்பது மாறிவிடுகிறது. தஞ்சை உழவருக்கு அதுவே பெரிய வேறுபாடு. சென்னை, மைசூர் அரசுகள் 1924இல் உடன்பாடு காணும் வரை நீண்ட வழக்கின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

அதற்குள் ஜோலி காஷ்மீருக்குப் போயிருந்தார். பாராமுல்லாவுக்குக் கீழே, ஜீலம் நதி மலையிடுக்கில் சரசரவென்று இறங்கும் மொஹோராவில் அவர் கட்டிய நிலையத்திலும் அணை கிடையாது. மலைச்சரிவை ஒட்டிச் சுமார் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மரத்தாலான கால்வாய் அமைத்து, ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் நீரைக் கொண்டுவந்து, இறுதியில் கிடைத்த உயர வேறுபாட்டிலிருந்து குழாய்களில் இறக்கினார். ஆனால் இங்கே இயற்கையே ஒரு தேக்கத்தை வைத்திருந்தது. மேலே உள்ள வூலர் ஏரி பனி உருகும் காலத்து வெள்ளத்தை வாங்கிவைத்து மெல்ல மெல்ல விடும். அந்த ஏரி நிரம்பி வழிந்தால் பள்ளத்தாக்கே மூழ்கும் என்பதால், ஏரியிலிருந்து வெளியேறும் பாதையை ஆழப்படுத்த வேண்டியிருந்தது. மொஹோராவின் மின்சாரம் ஸ்ரீநகரின் பட்டு ஆலைக்குப் போனதோடு, பாராமுல்லாப் பக்கம் ஆற்றைத் தூர்வாரும் இயந்திரங்களுக்கும் போனது. கீழே டர்பைனில் இறங்கிய ஜீலத்தின் நீரே, மேலே தன் படுகையைத் தானே தோண்டிக்கொண்டிருந்தது.