செயலியில் பச்சை தெரிந்தால் போதுமா?

பென்சில்வேனியாவின் தென்மேற்கில், ஃபிராக்கிங் (நீர் அழுத்தத்தால் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் முறை) நடக்கும் எரிவாயுக் கிணறுகளை ஒட்டி வாழும் மக்களுக்குக் காற்று மாதிரி எடுத்துக் கொடுப்பது என் வேலை. போன வாரமும் அதே கதைதான். எரிவாயுவை அழுத்திக் குழாயில் அனுப்பும் கம்ப்ரெசர் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டில் குழந்தைக்கு ராத்திரியெல்லாம் மூச்சிரைப்பு, அம்மாவுக்குத் தலைவலி. புகார் சொன்ன இடத்தில் கிடைத்த பதில், "செல்போனில் பாருங்கள், காற்றுத் தரக் குறியீடு பச்சையில்தானே இருக்கிறது." அவர்களும் தங்களுக்குத்தான் ஏதோ கோளாறு என்று திரும்பிவிட்டார்கள். இதை இன்னும் எத்தனை வீட்டில் கேட்பது?

அந்தக் குறியீட்டைப் பற்றி விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அது ஐந்து மாசுகளை வைத்து மட்டுமே கணக்கிடப்படுகிறது: தரைமட்ட ஓசோன், காற்றில் மிதக்கும் துகள்கள், கார்பன் மோனாக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு. பென்சீன் அதில் இல்லை. ஃபார்மால்டிஹைடு இல்லை. ஹைட்ரஜன் சல்பைடும் இல்லை. கிணற்றடியில் நான் தேடுவதே இந்த நச்சு வாயுக்களைத்தான். அந்த எண்ணைத் தரும் அரசுக் கருவியும் பெரும்பாலும் உங்கள் தெருவில் இருக்காது, பல மைல் தள்ளி வேறொரு ஊரில் இருக்கும். வாசலில் மாட்டும் மலிவான சென்சார் பெரும்பாலும் துகளைத்தான் அளக்கிறது. டீசல் லாரிப் புகைக்கு அது உதவும். பென்சீன் வீட்டுக்குள் வந்தாலும் அதற்குத் தெரியாது.

அப்புறம், "நாற்றமே இல்லையே" என்ற சமாதானம். மீத்தேனுக்கு வாசனை கிடையாது. அடுப்பு எரிவாயுவின் நெடி பிறகு சேர்க்கப்படுவது. பென்சீன் மூக்குக்குத் தெரியும் அளவு, உடம்பு தாங்கும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கே மரத்துப்போகும். அதன் அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றால் நிம்மதியாக உட்காராதீர்கள். உடனே அங்கிருந்து கிளம்புங்கள்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பகுதியில் உற்பத்தி நடக்கும் கிணறுகளுக்கு அருகே வாழும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு நோய் தீவிரமாகும் வாய்ப்பு 4 முதல் 5 மடங்கு அதிகம் என்கிறது. மக்களால் ஒழுங்காக மாதிரி எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு 2014-இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. பென்சில்வேனியா, ஒஹாயோ, கொலராடோ, வயோமிங், ஆர்கன்சா ஆகிய ஐந்து மாநிலங்களில் பயிற்சி பெற்ற குடியிருப்பாளர்களே மாதிரி எடுத்தார்கள். பாதுகாப்பு அளவை அதிக முறை தாண்டியவை பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சல்பைடு. செயலியில் இல்லாத அதே மூன்று.

ஆனால் முறையாக எடுக்க வேண்டும். நெடியோ தலைவலியோ வந்த நேரத்திலேயே எடுங்கள், மறுநாள் காலையில் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. கம்ப்ரெசர் குழாயிலிருந்து அழுத்தத்தை வெளியேற்றும்போது வரும் வாயு சில மணி நேரத்தில் கலைந்துவிடும். 24 மணி நேரச் சராசரியில் அந்த உச்சம் அடிபட்டுப் போகும். காற்று அசையாத இரவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். தேதி, மணி, காற்றின் திசை, உடம்பில் என்ன தெரிந்தது, எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். காற்று மாதிரியைப் பிடிக்கும் கேனிஸ்டரை கராஜ், ஜெனரேட்டர், ஓடும் கார் பக்கத்தில் வைக்கவே கூடாது. பெட்ரோல் ஆவியிலும் பென்சீன் உண்டு, நிறுவனத்து வக்கீல் முதலில் கேட்பதும் அதைத்தான். மாதிரி யார் யார் கைக்குப் போனது என்று பதியும் கைமாற்றுப் படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் அறிக்கையின் மதிப்பு போய்விடும். தயவுசெய்து கிணற்று வேலியைத் தாண்டாதீர்கள்.

காலநிலைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வாயுக் கசிவைக் காட்டும் அகச்சிவப்புக் கேமராவோடு வருவது பெரிய உதவி. 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும், அந்தக் கசிவைப் படம் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கசிவு இருக்கிறது என்பதற்கு மேல், பக்கத்து வீட்டில் என்ன வாயு எவ்வளவு நுழைகிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. மீத்தேனோடு பென்சீனும் வரலாம். படம் எடுக்கும் அதே நேரத்தில், காற்று போகும் திசையில் உள்ள வீட்டில் ஒரு கேனிஸ்டரைத் திறந்து வையுங்கள். ஆய்வக முடிவு வந்ததும் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அந்த வீட்டுக்காரரிடம் கொடுங்கள். குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்கும் ஒரு பிரதி போகட்டும்.