பாறையைப் பிளப்பதற்குப் பெயர் ‘நீரியல் விரிசல்’ ஆகுமா?

இயற்கை எரிவாயு எடுத்ததால் தண்ணீரும் காற்றும் கெட்டதைப் பேசும் ஆவணப்படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போட்டால், பத்து நிமிடத்துக்குள் ‘நீரியல் விரிசல்’ வந்துவிடுகிறது. சில இடங்களில் அது ‘நீரியல் முறிவு’. இன்னும் சிலர் ‘துளையிடுதல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். மூன்றும் தவறு. ஒவ்வொன்றும் வேறு விதத்தில் தவறு என்பதால் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

மூலத்தொடர் ‘ஹைட்ராலிக் ஃபிராக்சரிங்’: ஆழத்துப் பாறையை நீர்மத்தின் அழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை. முன்பாதி கிரேக்கம்: நீருக்கான சொல்லும் குழலுக்கான சொல்லும் சேர்ந்தது, பழங்காலத்து நீரிசைக் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. பின்பாதி, ‘உடைத்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினை. எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்கள் அதை ‘ஃபிராக்’ என்று சுருக்கினார்கள். பொதுவழக்குக்கு வந்தபோது ஆங்கில எழுத்தில் ஒரு ‘கே’ கூடியது. கெட்ட வார்த்தை மாதிரி ஒலிக்கிறதென்று தொழில்துறையினருக்கு அந்த எழுத்தின் மேல் இன்றும் கடுப்பு. தமிழில் ‘ஃபிராக்கிங்’ என்று எழுதினால் அந்தச் சண்டையே தெரியாது. அது போகட்டும்.

முதலில் ‘நீரியல்’. தமிழில் இது ஒரு படிப்பின் பெயர். மழை, ஆறு, நிலத்தடி நீர் ஆகியவற்றின் போக்கை ஆராயும் துறையைத்தான் நீரியல் என்கிறோம். உயிரியல், இயற்பியல் போல. ‘ஹைட்ராலிக்’ என்பதோ அடைத்து வைத்த நீர்மத்தின் அழுத்தத்தைக் கொண்டு வேலை வாங்குவது. வண்டியின் ஹைட்ராலிக் பிரேக்கில் ஓடுவது தண்ணீர்கூட இல்லை. அதை ‘நீரியல் பிரேக்’ என்று எழுத யாருக்கும் கை வராது. பாறைக்கு மட்டும் எப்படி வருகிறது? சிக்கல் இதோடு நிற்கவில்லை. இந்தப் படங்களிலேயே நிலத்தடி நீரைச் சோதிக்கும் நீரியல் அறிஞர் ஒருவர் வந்து பேசுவார். ‘நீரியல் அறிஞர் நீரியல் விரிசலைக் கண்டிக்கிறார்’ என்று திரையில் ஓடினால், பார்ப்பவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்?

‘நீரழுத்த’ என்று திருத்துவோர் ஓரளவு நெருங்குகிறார்கள். ஆனால் 1947-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஹியூகோட்டன் எரிவாயு வயலில் இந்த முறையை முதன்முதலில் சோதித்தபோது கிணற்றுக்குள் செலுத்தியது கெட்டிப்படுத்திய பெட்ரோல். வணிகமுறைக்கு வந்தது 1949-இல். தண்ணீரை முதன்மையாக வைத்து, உராய்வு குறைக்கும் பொருளைச் சேர்த்துக் களிப்பாறையை (ஆங்கிலத்தில் ‘ஷேல்’, களிமண் இறுகிய பாறை) பிளக்கும் இன்றைய வழி 1990-களின் இறுதியில் டெக்சாஸின் பார்னெட் களிப்பாறையில்தான் கைகூடியது. ஆகவே ‘நீர்’ என்பதைவிட ‘நீர்மம்’ பொருத்தம். ‘நீர்ம அழுத்த’ என்றால் பெட்ரோலும் அடங்கும், தண்ணீரும் அடங்கும்.

இனி ‘விரிசல்’. என் முதன்மையான சண்டை இதனோடுதான். சுவரில் விரிசல் விழும். உறவில் விரிசல் விழும். யாரும் விரிசலைச் ‘செய்வதில்லை’. தானாக நேர்ந்ததன் விளைவுக்குத் தமிழ் வைத்த பெயர் அது. ‘முறிவு’ம் அதே கதை: கிளை முறிந்தால் முறிவு, ஒருவன் முறித்தால் முறிப்பு. எலும்பு முறிவை யாரும் தொழிலாகச் செய்வதில்லை. தன்வினையும் பிறவினையும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் மொழியில், ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட பம்புகளை வரிசையாக நிறுத்தி ஆட்கள் செய்யும் வேலைக்குத் தன்வினைப் பெயரைச் சூட்டினால், செய்தவர் வாக்கியத்திலிருந்து கழன்றுகொள்கிறார். ‘இந்த ஊரில் 2008-இல் நீரியல் விரிசல் ஏற்பட்டது’ என்று படித்தால் நிலநடுக்கம் போலத் தோன்றும். யார் செய்தது என்று கேட்பதற்காகவே எடுத்த படத்தில், அந்தக் கேள்வியைச் சப்டைட்டில் விழுங்கிவிடுகிறது.

‘வெடிப்பு’ என்றும் சிலர் சொல்லிப் பார்க்கிறார்கள். வயல் வெடிப்பு, கால் வெடிப்பு என்ற வழக்குகளைப் பார்த்தால் பொருள் சரிதான். ஆனால் எரிவாயு பற்றிய படத்தில் ‘வெடிப்பு’ என்று எழுதினால், எல்லாரும் குண்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

வேலை எப்படி நடக்கிறதென்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். கிணறு செங்குத்தாக 1.5 முதல் 3 கிலோமீட்டர் வரை இறங்கி, களிப்பாறை அடுக்குக்குள் வளைந்து, கிடையாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடும். உள்ளே எஃகு உறைக்குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சிமென்டால் அடைப்பார்கள். கடைக்கோடியிலிருந்து தொடங்கி, சிறு வெடிகளால் குழாயில் துளைகள் போட்டு, நீர்மத்தைச் சதுர அங்குலத்துக்கு 10,000 பவுண்டு அளவுக்குக்கூட அழுத்தத்தில் செலுத்துவார்கள். அழுத்தம் பாறையின் தாங்குதிறனைத் தாண்டியதும் பாறை பிளக்கும். ஒரு பகுதி முடிந்ததும் அதை அடைத்துவிட்டு அடுத்த பகுதி. ஒரு கிணற்றுக்கு ஏறத்தாழ 60 லட்சம் முதல் 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் செலவாகும்.

அழுத்தத்தை எடுத்தால் மேலேயுள்ள பாரம் பிளவை மூடிவிடும். மூடாமலிருக்கத்தான் நீர்மத்தோடு மணல் போகிறது. ஆங்கிலத்தில் ‘புராப்பன்ட்’ எனப்படும் இதைச் சப்டைட்டில்களில் ‘ஊக்கி’, ‘உந்துபொருள்’ என்றெல்லாம் பார்க்கலாம். அது எதையும் உந்துவதில்லை, முட்டுக் கொடுக்கிறது. ‘முட்டுமணல்’ என்றால் கொத்தனாருக்கும் புரியும். மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, பிளவு மூடாமல் நடுவில் துண்டு செருகுவதும் இதுவும் ஒரே வேலை. எனவே வினை ‘பிள’. செயலின் பெயர் ‘பிளப்பு’. பாறையில் மிஞ்சுவது ‘பிளவு’. முழுப்பெயர் ‘நீர்ம அழுத்தப் பாறைப்பிளப்பு’, அன்றாடத்துக்குப் ‘பாறைப்பிளப்பு’. ‘அணுக்கருப் பிளவு’ என்று இருக்கிறதே, ‘பாறைப் பிளவு’ போதாதா என்று கேட்கலாம். போதாது. மலையேறுபவர் கை நுழைக்கும் இடமும் பாறைப் பிளவுதான்.

சொல்லைச் சோதிக்க எளிய வழி, அதன் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பார்ப்பது. பிளக்கிறார்கள், பிளந்த கிணறு, இன்னும் பிளக்காத கிணறு, பிளப்பு நிறுவனம், பிளப்பு எதிர்ப்பாளர் என எல்லாம் வருகின்றன. மறுபக்கம் ‘நீரியல் விரிசல் முறைக்கு இன்னும் உட்படுத்தப்படாத கிணறு’. சப்டைட்டில் திரையில் நிற்பது சில நொடிகள். அதற்குள் இதைப் படித்து முடிப்பவர், திரையில் பேசுபவரின் முகத்தைப் பார்க்கத் தவறிவிடுவார்.

‘துளையிடுதல்’ மற்ற இரண்டையும்விடக் கேடானது, ஏனென்றால் தகராறே இந்த இடத்தில்தான் நடக்கிறது. தொழில்துறையைக் கேட்டால் பாறைப்பிளப்பு என்பது அழுத்தத்தோடு நீர்மம் செலுத்தும் சில நாள் வேலை மட்டும். படமெடுப்பவர்களும் அப்பகுதி மக்களும் துளையிடுவது முதல் கழிவுநீரை அப்புறப்படுத்துவது வரை எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். ‘பாறைப்பிளப்பால் ஒரு கிணறும் கெடவில்லை’, ‘பாறைப்பிளப்பால் எங்கள் கிணறு கெட்டது’ என்று இரு தரப்பும் அடித்துச் சொல்ல முடிவதன் சூட்சுமம் இந்த இரட்டைப் பொருள். பென்சில்வேனியாவின் டிமாக்கில் 2009 புத்தாண்டு நாளன்று ஒரு குடிநீர்க் கிணறு மீத்தேனால் வெடித்தது. அம்மாநில அதிகாரிகள் குறை சொன்னது எரிவாயுக் கிணறுகளின் கட்டுமானத்தை. சிமென்ட் சரியாகப் பிடிக்காத இடைவெளி, வாயு மேலேறப் பாதையாகிவிடும். ஓக்லஹோமாவில் 2016-இல் 5.8 அளவில் நிலம் நடுங்கியதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது கழிவுநீரை ஆழத்தில் செலுத்திய கிணறுகள். பரந்த பொருளில் இரண்டும் பாறைப்பிளப்பின் விளைவு. குறுகிய பொருளில் இரண்டும் இல்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-இல் வெளியிட்ட வரைவு அறிக்கையில், குடிநீருக்குப் பரவலான பாதிப்பு நேர்ந்ததற்குச் சான்றில்லை என்ற வாசகம் இருந்தது. 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அது நீங்கி, சில சூழல்களில் பாதிப்பு நேரக்கூடும் என்றானது. அந்த அறிக்கை நீர் எடுப்பது, வேதிப்பொருள் கலப்பது, கிணற்றில் செலுத்துவது, மேலே வரும் நீரைக் கையாளுவது, கழிவை அகற்றுவது எனச் சுழற்சி முழுவதையும் ஆராய்ந்தது. 2005-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டமோ, டீசல் சேர்க்காத பிளப்பு நீர்மத்தைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் ‘நிலத்தடிச் செலுத்துகை’ வரையறையிலிருந்தே விலக்கியது. ஒரு வரையறைக்கு இவ்வளவு விலை இருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் இத்தனை வேலைகளையும் ‘துளையிடுதல்’ ஆக்கினால் படம் யாருக்குச் சாதகமாகப் பேசுகிறதென்றே தெரியாது. குறுகிய பொருளுக்குப் ‘பாறைப்பிளப்பு’, முழுத் தொழிலுக்குப் ‘பிளப்புவழி எரிவாயு எடுப்பு’ என்று இரண்டு சொல் வைத்துக்கொள்வதே நேர்மை.

2010-இல் வந்த ‘காஸ்லேண்ட்’ ஆவணப்படத்தில், வீட்டுத் தண்ணீர்க் குழாயில் தீப்பிடிக்கும் காட்சி பார்த்தவர் எல்லாருக்கும் நினைவிருக்கும். கொலராடோ அதிகாரிகள் அப்பகுதியின் மூன்று குடிநீர்க் கிணறுகளை ஆராய்ந்து, இரண்டில் இருந்தது நுண்ணுயிர்கள் உண்டாக்கிய மீத்தேன் என்றும், மூன்றாவதில் ஆழத்து வெப்பத்தில் உண்டான வாயுவும் கலந்திருந்தது என்றும் சொன்னார்கள். இந்த வேறுபாட்டைத்தான் சப்டைட்டில்கள் ‘உயிர்வாயு’, ‘வெப்பவாயு’ என்று கொலை செய்கின்றன. உயிர்வாயு என்றால் தமிழில் ஆக்சிஜன்! ‘நுண்ணுயிர் மீத்தேன்’, ‘ஆழவெப்ப மீத்தேன்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

எழுதத் தொடங்கினால் பட்டியல் நீளும். ‘கிணறு’ என்று வெறுமனே எழுதாமல் குடிநீர்க் கிணறா எரிவாயுக் கிணறா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே தோட்டத்தில் இருக்கும். அமெரிக்கர் ‘கேஸ்’ போடப் போகிறேன் என்றால் அவர் போவது பெட்ரோல் பங்குக்கு. ‘பாறை எரிவாயு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மணற்பாறையில் கிடைப்பதும் சேர்ந்துவிடும். ‘களிப்பாறை எரிவாயு’ என்க. வேதிப்பொருள் ‘அரை விழுக்காடு மட்டுமே’ என்று ஒருவர் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர் தாமாகவே ‘மிகச் சொற்பம்’ என்று ஏற்றிச் சொல்லக் கூடாது. 2 கோடி லிட்டரில் அரை விழுக்காடு என்பது 1 லட்சம் லிட்டர். பிளந்தபின் திரும்பி வரும் நீர்மம் ‘திரும்புநீர்’. அதன்பின் எரிவாயுவோடு ஆண்டுக்கணக்கில் ஏறிவரும், கடல்நீரைவிட உப்பேறிய, ரேடியமும் பேரியமும் கரைந்த நீரை ‘உற்பத்தி நீர்’ என்கிறார்கள். அதை யாரும் உற்பத்தி செய்யவில்லை. பாறைக்குள் காலங்காலமாகக் கிடந்தது அது. ‘உடன்வரு நீர்’ என்று எழுதுங்கள்.