கஸ்டடின்னா காவலா?

டைவர்ஸ் கேஸ்ல வக்கீல் நோட்டீஸ் வாங்கின ஒரு அம்மாவுக்கு அதைத் தமிழ்ல படிச்சுச் சொல்ல ஒருநாள் உக்காந்திருந்தேன் (நான் வக்கீல் இல்ல, மொழிபெயர்க்கிற ஆளு). மூணாவது பாராவுல "மைனர் குழந்தையின் கஸ்டடி"ன்னு வந்துச்சு. அவங்க மூஞ்சியே மாறிப்போச்சு. "ஏங்க, அப்ப போலீஸ் வந்து புள்ளயத் தூக்கிட்டுப் போயிருமா?"ன்னாங்க. சிரிக்கத் தோணல. நியூஸ்ல தினம் கேக்குறது "போலீஸ் கஸ்டடி"தானே, அவங்களுக்கு வேற எப்படிப் புரியும்?

யோசிச்சா அவங்க பயந்ததுலயும் ஒரு நியாயம் இருக்கு. லத்தீன்ல குஸ்தோஸ்னா காவலாளி, குஸ்தோதியான்னா காவல், அதுல இருந்துதான் இங்கிலீஷ்காரன் கஸ்டடிய எடுத்தான். கைதியக் காக்குறதும் அதே சொல்லுதான், புள்ளயக் காக்குறதும் அதே சொல்லுதான். நம்ம "கா"ங்கிற வேர்லயும் இதே கதைதான், காப்பாத்துறதுலயும் இருக்கு, சிறைக்காவல்லயும் இருக்கு. அதனால கஸ்டடிய நேரா "காவல்"னு பெயர்த்தா பழைய பயம் அப்படியே கூட வருது. இலங்கைத் தமிழ்ல "கட்டுக்காப்பு"ம்பாங்க, அழகான சொல், ஆனா அதுலயும் ஒரு கட்டு இருக்கு பாருங்க. சிலபேரு "காப்புரிமை"ன்னு எழுதுறாங்க, தயவுசெஞ்சு வேணாம், அது பேட்டன்ட், காப்பிரைட்டுக்குப் போன சொல்லு, புள்ள ஒண்ணும் நாம கண்டுபிடிச்ச மெஷின் இல்ல.

இந்தச் சொல்லு சரியில்லன்னு சட்டம் எழுதுறவங்களுக்கே தோணிருச்சு. இங்கிலாந்துல 1989 குழந்தைகள் சட்டம் கஸ்டடிய எடுத்துட்டு "வசிப்பிடம்", "தொடர்பு"ன்னு ரெண்டு உத்தரவா ஆக்குச்சு. ஆஸ்திரேலியா 1995ல அதே வழில போயி, 2006ல அதையும் விட்டுட்டு "யாரோட வசிக்கும்", "யாரோட நேரம் செலவிடும்"னு சாதாரணப் பேச்சு மாதிரியே சட்டத்துல எழுதிட்டாங்க. கனடாவோட டைவர்ஸ் சட்டம் 2021 மார்ச்ல கஸ்டடிக்குப் பதிலா பேரன்டிங் ஆர்டருக்கு (பிள்ளை வளர்ப்பு உத்தரவு) மாறுச்சு. இந்தியாவுலயும் சிங்கப்பூர்லயும் இன்னும் கஸ்டடிதான். ஏன் மாத்துனாங்கன்னா, கஸ்டடின்னு சொன்னாலே ஒருத்தர் ஜெயிச்சாரு ஒருத்தர் தோத்தாருன்னு ஆயிருது, நகை, வீட்டோட சேத்துப் புள்ளயும் பாகப்பிரிவினைல வந்த மாதிரி.

அப்ப தமிழ்ல என்ன சொல்லலாம்? ஒத்தச் சொல்லு தேடாதீங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னா கஸ்டடிக்குள்ள ரெண்டு சமாச்சாரம் ஒளிஞ்சிருக்கு. புள்ள ராத்திரி யாரு வீட்டுல தூங்கும், காலைல யாரு எழுப்பிக் கிளப்பி அனுப்புவாங்கங்கிறது ஒண்ணு, அதுக்கு "உடன்வைத்து வளர்க்கும் பொறுப்பு". எந்த ஸ்கூல், ஆபரேஷனுக்கு யாரு கையெழுத்து, பாஸ்போர்ட்டுக்கு யாரு சம்மதம்ங்கிறது இன்னொண்ணு, அதுக்கு "முடிவெடுக்கும் பொறுப்பு". ஜாயின்ட் கஸ்டடின்னு (அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேந்த கஸ்டடி) கேட்டதும் வாரத்துல மூணரை நாள் மூணரை நாள்னு கணக்குப் போடுறவங்க நிறையப் பேரு, பல இடத்துல முடிவெடுக்கிறதுல மட்டும்தான் ரெண்டு பேரும் பங்கு, புள்ள தங்குறது ஒரே வீட்டுலயா இருக்கலாம். வக்கீல்கிட்டப் போறப்போ "எனக்குக் கஸ்டடி வேணும்"னு மொட்டையாச் சொல்லாம, இந்த ரெண்டுல எது வேணும்னு பிரிச்சுச் சொன்னா மனுவும் தெளிவா வரும், பாதி சண்டையும் குறையும். ஃபீஸ் கட்ட வசதி இல்லன்னா பல நாட்டுல வருமானத்தப் பாத்து அரசாங்கச் சட்ட உதவி தர்றாங்க, கேக்க வெக்கப்பட வேணாம்.

அடுத்தது விசிட்டேஷன். "குழந்தையைப் பார்க்கும் உரிமை"ன்னு எழுதுறோம், படிச்சா அப்பாவோட உரிமை, அம்மாவோட உரிமைன்னுதான் படுது. 1989 ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையோட 9வது பிரிவு அதைத் திருப்பிப் போடுது: பிரிஞ்ச அப்பா அம்மா ரெண்டு பேரோடயும் தொடர்புல இருக்கிறது குழந்தையோட உரிமை, அதோட நலனுக்குக் கேடுன்னா மட்டும்தான் விலக்கு. அதனால நான் "சந்திப்பு ஏற்பாடு"ன்னுதான் போடுவேன். அடிதடி, மிரட்டல் நடந்த வீடுன்னா வக்கீல்கிட்ட அதைத்தான் முதல்ல சொல்லணும், வேற ஆளு கூட இருக்கச் சந்திக்க வைக்கிற வழி இருக்கு.

இன்னொரு வில்லங்கம் "சமரசம்". பொதுவான ஒருத்தர் நடுவுல உக்காந்து ரெண்டு பேரையும் பேசவைக்கிற மீடியேஷனுக்கு இந்தச் சொல்லப் போட்டா நம்மாளுங்க "திரும்பச் சேந்து வாழச் சொல்லுவாங்க"ன்னு நெனச்சுப் போகவே மாட்டேங்குறாங்க. அங்க கட்டாயப்படுத்திச் சேத்து வைக்கிறது வேலை இல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் புள்ளய யாரு கூட்டிட்டு வர்றது, லீவுல எத்தனை நாள் யாருகிட்ட, போன் எத்தன மணிக்குன்னு பேசி எழுதி வைக்கிறதுதான் வேலை. "பேசித் தீர்வு"ன்னு எழுதினா போதும்.

விவாகரத்துங்கிறதே பாதி சமஸ்கிருதம் பாதி அரபி, ரத்துங்கிறது "ரத்"ங்கிற அரபிச் சொல்லுல இருந்து வந்தது, வக்கீலும் அரபிதான். "மணமுறிவு", "வழக்கறிஞர்"னு நல்ல தமிழ் இருக்கு. ஆனா அதுல யாரும் குழம்புறதில்ல, அதனால நான் சண்டை போடுறதில்ல.

அந்த அம்மாவுக்கு மூணாவது பாராவ இப்படிச் சொன்னேன்: "குழந்தை உங்க வீட்டுக்காரரோட தங்கி வளரணும்னு அவர் கோர்ட்டுல கேக்கப் போறாராம், கேக்கத்தான் போறாரு, இன்னும் யாரும் குடுக்கல." கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப ஸ்கூல் ஃபார்ம்ல யாரு கையெழுத்துப் போடுறது?"ன்னாங்க. அந்தக் கேள்விய அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி, வக்கீலப் பாக்குறப்போ மொதல்ல இதக் கேளுங்கன்னு அவங்க கையில குடுத்தேன்.